‘சுவாம்ப்’ என்னும் சொல்லும் அதன் இருவகைப் பொருளும்

ஆங்கிலச் சொல் ஒன்றைத் தமிழில் பெயர்க்கும்போது, அது நேரே சுட்டும் பொருள் யாது, குறிப்பால் உணர்த்தும் பொருள் யாது எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது. இதற்குச் ‘சுவாம்ப்’ என்னும் சொல் தக்க சான்றாகும். சிறு அகராதிகள் பெரும்பாலும் ‘சதுப்பு நிலம்’ என்று ஒரு பொருளே தந்து அமைகின்றன. அதனை நம்பிய மாணவன், ஒருவர் வேலை மிகுதியால் திணறுகிறார் என்னும் கருத்துடைய ஆங்கிலத் தொடரை, ‘அவர் வேலையால் சதுப்பாக்கப்பட்டார்’ எனப் பெயர்ப்பானாயின், பிழை அவனுடையது அன்று. சொல்லைக் கற்பித்த முறையினுடையது.

முதற்கண் நேர்ப்பொருளைக் காண்க. ‘சுவாம்ப்’ என்பது நீர் தேங்கி, மரங்கள் செறிந்த நிலம். புல்லும் கோரையும் மிக்கது ‘மார்ஷ்’. மக்காத தாவரப் பொருள் படிந்து மென்மையுற்றது ‘பாக்’. தமிழில் இம்மூன்றையும் ‘சதுப்பு நிலம்’ என்றே வழங்குகிறோம். மலாய் மொழியில் ‘பாயா’ என்பது பொதுச்சொல். கடலோரத்தது ‘பாயா பாக்காவ்’. மக்காத தாவர மண் படிந்தது ‘பாயா கம்புட்’. கோல சிலாங்கூர் வட்டாரத்து மாணவர்க்கு இவை ஏட்டுச் சொற்கள் அல்ல. கடலோர அலையாத்திக் காடும், தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்குக் கிழக்கே பரந்த கம்புட் காடும் அவர்கள் அறிந்தவையே. ஆதலின் படத்தைக் காட்டுவதினும் இடத்தைக் காட்டிக் கற்பித்தல் எளிது.

இனிக் குறிப்புப் பொருள். இச்சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட அமெரிக்காவின் வர்ஜீனியாவிற் குடியேறிய ஆங்கிலேயரின் எழுத்துகளிற் காணப்படுகிறது. பின்னர் அது வினைச்சொல்லும் ஆயிற்று. படகினுள் அலை புகுந்து நிறைந்து அதனை அமிழ்த்துதலை அவ்வினை குறித்தது. படகை நீர் நிறைத்தது போல, வேலையோ கடிதங்களோ ஒருவரை நிறைத்து அமிழ்த்துவதும் அவ்வினையாலேயே சொல்லப்பட்டது. எனவே இங்கே உவமையாய் நிற்பது சேறு அன்று, வெள்ளம். ‘வேலையில் மூழ்கித் திணறினார்’, ‘கடிதங்கள் வந்து குவிந்தன’ என்பனவே பொருந்தும் தமிழ்.

‘பாக்’ என்பதன் வினையோ வேறு. கால் புதைந்து முன்னே செல்ல இயலாமை அதன் உவமை. பேச்சு வார்த்தை ‘இழுபறியாயிற்று’, பணி ‘முடங்கிற்று’ என்க. ‘குவாக்மயர்’ என்பது, அசையுந்தோறும் மேலும் ஆழ்த்தும் புதைசேறு. மீள வழியற்ற போருக்கும் வழக்குக்கும் அது வரும். அமிழ்தல், முடங்கல், மீளாமை என்னும் இம்மூன்றனையும் வேறுபடுத்திக் காட்டினால் மாணவர் பெயர்ப்பில் தடுமாறார்.

ஊழல் மலிந்த ஆட்சியைச் ‘சுவாம்ப்’ என்றும், அதனைத் திருத்துதலைச் ‘சுவாம்ப் நீரை வடித்தல்’ என்றும் கூறும் வழக்கும் உண்டு. 2016ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் தோனால்ட் திரம்பு இதனைப் பரவச் செய்தார். கொசு ஒழிய வேண்டுமாயின் அது பெருகும் நீரை வடிக்க வேண்டும் என்பதே இதன் உட்கருத்து. சிலாங்கூரிலேயே இதற்கு மெய்ச்சான்று உண்டு. 1901இல் கிள்ளானில் மலேரியாக் காய்ச்சல் பலரை மாய்த்தபோது, மருத்துவர் மால்கம் வாட்சன் ஊரைச் சூழ்ந்த சதுப்புகளை வடிக்கச் செய்தார். நோய் பெரிதும் தணிந்தது. தோட்டங்களில் நம்மவர் பலரைக் கொண்டுபோன நோய் அது. ஆகவே அவ்வுவமை காரணமின்றி எழுந்ததன்று.

ஆயினும், உவமையே உண்மை ஆகிவிடுதல் கூடாது. சதுப்பு என்றாலே கேடு எனக் கொண்டால், அதனை வடிப்பதெல்லாம் நன்மை என்று தோன்றும். கம்புட் நிலத்தின் இயல்பு வேறு. நீரில் அமிழ்ந்திருக்கும்வரை காற்றுப் புகாமையால் இலையும் வேரும் மக்காமற் படிகின்றன. நீரை வடித்தால் அவை உலர்ந்து, நிலம் தாழ்கிறது. தீப்பற்றினால் மண்ணுக்கு அடியிலும் எரிகிறது. வட சிலாங்கூர்க் கம்புட் காடு 70 ஆயிரம் எக்டருக்கு மேற்பட்டது. மழைநீரைத் தேக்கி மெல்ல விடுவதால் தஞ்சோங் காராங் வயல்களுக்கும் அது துணையாகிறது. அதன் ஒரு பகுதியாகிய ராஜா மூசா காட்டில், 2008 முதல் பழைய கால்வாய்களை அடைத்து நீரை மீட்டுத் தேக்கி, மரம் நடும் பணி தொடங்கியது. முன்னே வடித்தது சீர்திருத்தம் எனப்பட்டது. பின்னே தேக்கியதும் சீர்திருத்தமே ஆயிற்று.

தமிழிலும் இவ்விரு பார்வையும் உண்டு. ‘அளறு’ என்னும் சொல் சேற்றைக் குறிப்பது. திருக்குறளில் அதுவே நரகத்தைக் குறிக்கிறது. ‘சேறு’ என்பதற்கோ, இழிபொருளோடு பாகு, தேன், இனிமை என்னும் பொருள்களும் பழைய வழக்கில் உள. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நெடுங்காலம் நகரக் குப்பையைக் கொட்டும் இடமாயிருந்தது. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்கீழ், 2022இல் அது உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ‘ஈரநிலம்’ என்னும் சொல்லில் பழைய இழிவு இல்லை. சொல் மாறவே நோக்கும் மாறுவதற்கு இது சான்று.

ஆகவே ஆசிரியர் இச்சொல்லை மூன்று படியாகக் கற்பித்தல் நலம். முதலில் நிலத்தைக் காட்டுக. அடுத்து உவமை எதனின்று பிறந்தது என விளக்குக. இறுதியில், அவ்வுவமை நிலத்துக்கு நீதி செய்கிறதா என வினவுக. தஞ்சோங் காராங்கில் இன்று நெல் விளையும் வயல்கள், 1930களிலிருந்து பாயாக் காட்டைத் திருத்தி உருவாக்கப்பட்டவை. சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்கலாம் என்பது உழவர் மொழி. அந்தச் சேற்றை அறிந்த பிள்ளைகள், ஆங்கிலச் சொல்லின் இழிபொருளையும் அறிவார்கள். அதற்கு அடிமையாகவும் மாட்டார்கள்.