எழும்பும் கால்கள்

செகந்தராபாத்தில் நாம் வசிக்கும் ரயில்வே குடியிருப்பில் கூடைப்பந்துக் கம்பம் ஒன்று உண்டு. மாலையில் அலுவலகம் விட்டு வரும்பொழுது, தமிழும் தெலுங்கும் கலந்து கூவிக்கொண்டு பிள்ளைகள் அதனடியில் ஆடுவதைக் காண்போம். அவர்களுள் ஒருவன், பத்தாம் வகுப்பில் பயிலும் அண்டை வீட்டுப் பிள்ளை, இரண்டு மாதங்களுக்கு முன் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு படிக்கட்டில் அமர்ந்திருந்தான். வினவியபொழுது விஷயம் வெளிப்பட்டது. அமெரிக்க வீரர்கள் எழும்பிப் பந்தை மேலிருந்தே வளையத்தினுள் அழுத்தும் காட்சியைக் கைப்பேசியில் கண்டு, தானும் அவ்வாறு செய்ய எண்ணி, அன்றாடம் இருநூறு முறை சிமென்ட் தரையில் குதித்திருக்கிறான். "உயரமில்லாதவனுக்கு இந்த ஆட்டம் எதற்கு?" என்று அன்னையார் கேட்டுவிட்டாராம். "இனி ஆடப்போவதில்லை, மாமா" என்றான்.

பந்தை இவ்வாறு அழுத்துவதற்கு 'டங்க்' என்று பெயர். வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருப்பதால், இது நெட்டையருக்கே உரியது என்று கருதுவோர் பலர். முற்றிலும் பிழையான கருத்தன்று. உயரம் பெரிய உதவிதான். ஆயினும் 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் நடந்த டங்க் போட்டியில் வென்ற ஸ்பட் வெப் என்பாரின் உயரம் ஐந்தடி ஏழங்குலமே. அவருடைய உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் இடையே நாலடி ஐந்தங்குலம்! இருபது ஆண்டுகள் கழித்து, 2006-இல், ஐந்தடி ஒன்பதங்குல உயரமுள்ள நேட் ராபின்சன், அதே வெப்பை நிற்கவைத்து அவர் தலைக்கு மேலாகத் தாவிப் பந்தை அழுத்தி, அப்போட்டியில் தாமும் வென்றார்.

அமெரிக்கா வரை செல்வானேன்? நம்மைப் போலவே ஊர்விட்டு ஊர் வந்து, தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த அவரை உயரந் தாண்டுதலின் பக்கம் திருப்பியவர் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரே. 2016-இல் கோயம்புத்தூரில், பதினேழு வயதில், 2.26 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார். 2018-இல் அதனை 2.29 மீட்டராக்கினார், ஏழரை அடி! 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலமும் பெற்றார்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் கதையோ நம்மை வாயடைக்கச் செய்வது. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். கைப்பந்து ஆடிய சிறுவனை உயரந் தாண்டுமாறு ஊக்கியவர் இங்கும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர்தாம். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-இல் டோக்கியோவில் வெள்ளி. 2024-இல் பாரிஸில் வெண்கலம்.

இவர்களது கால்களில் அமைந்த சூட்சுமம் யாது? ஒரு மீட்டர் எழும்ப வேண்டுமாயின், பாதம் தரையை விடும் கணத்தில் வினாடிக்கு ஏறத்தாழ நாலரை மீட்டர் வேகம் வேண்டும். அவ்வேகத்தை ஈட்டுவதற்கு முதலில் தொடையிலும் இடுப்பிலும் பலம் வேண்டும். நம் முன்னோர் போட்ட பஸ்கி இதற்கு மிகவும் ஏற்றது, காசும் செலவில்லை. பலம் மட்டும் போதாது. உண்டிவில்லின் ரப்பரை இழுத்து விட்டால் கல் பாயும். இழுத்து வைத்துத் தாமதித்தால் பயனில்லை என்பதன்று, ஆனால் காலில் அதுவே நிகழ்கிறது. தாழ்ந்தவுடன் எழும்பினால், நீண்ட தசையும் தசைநாணும் சேர்த்த விசை திரும்பக் கிட்டும். தாழ்ந்தபடியே நின்றால் அது வீணாகும். சோவியத் ஆசிரியர் வெர்கோஷான்ஸ்கி, 1960-களில், பெட்டியின் மீதிருந்து இறங்கித் தரை தொட்டவுடன் மேலெழும் பயிற்சியை வகுத்தது இதனைப் பழக்குவதற்கே. அது பலமேறிய வீரர்களுக்கு உரியது. பஸ்கியே சரியாகப் போடவறியாத சிறுவர்களுக்கு அன்று. கைவீச்சையும் மறத்தலாகாது, அதனாலேயே பத்தில் ஒரு பங்கு உயரம் கூடும்.

எழும்புவதைப் பற்றிப் பேசுவோர் இறங்குவதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது நம் குறை. முழங்காலை மடக்கி, ஓசையின்றி இறங்கப் பழகவேண்டும். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மேட்டைத் தசைநாண் ஓயாது இழுப்பதால் அங்கே வலியும் வீக்கமும் காண்பதுண்டு. வலியோடு குதிப்பது வீரமன்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குதித்து, இடையே ஓய்வு கொள்வதே முறை. குதிக்கவைக்கும் காலணி என்று விளம்பரம் செய்யப்படுவனவற்றுக்குப் பணத்தைக் கொட்டும் பெற்றோர், அப்பணத்தில் பாலும் முட்டையும் பயறும் வாங்கலாம் என்பது நம் அபிப்பிராயம்.

நம் அண்டை வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவர் கண்டதும் அவ்வலியே. ஆறு வாரம் குதிக்கலாகாது என்றார். ஆட்டத்தையே விட்டுவிடு என்று அவர் கூறவில்லை. அதனை அன்னையாரிடம் இருமுறை எடுத்துரைத்தோம். இப்பொழுது அவன் மண் தரையில் மெல்லக் குதிக்கிறான். பஸ்கி எண்ணுபவர் அன்னையார். சரியாகத் தாழாவிட்டால் அவர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று நேற்று நம்மிடம் முறையிட்டான்.