தொலைவிலுள்ள கோப்பகத்தை நிரல்வழி இணைத்தல்

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ஆம் ஆண்டில் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்கு மாற்றப்பட்டது. தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுக்கப்பெற்ற மைப்படிகள் பல்லாயிரம் அங்கே சேர்ந்தன. கல்லைத் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுப்பதே மைப்படி. கல் சிதைந்துபோன இடங்களில் அத்தாளே எஞ்சிய சான்றாகும். தாளும் நலிவுறுவது ஆதலின், அதனைக் கணினிப் படமாக்கிக் காத்தல் இன்றியமையாதது.

இத்தகைய பணியில் படமெடுக்கும் கணினிகள் பல இருக்கலாம். படங்கள் சேர வேண்டிய இடமோ ஒன்றே. இதற்கு உதவும் முறைகளுள் ஒன்று என்.எப்.எஸ். எனப்படும் வலைப்பின்னல் கோப்பு முறைமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கிற்று. லினக்ஸ் கணினியில் வெற்றுக் கோப்பகம் ஒன்றைத் தேர்ந்து, தொலைவிலுள்ள வழங்கிக் கணினியின் கோப்பகத்தை அதன்மேல் பொருத்துகிறோம். இச்செயலுக்கு மவுண்ட் என்று பெயர். மைப்படி ஒரு நகல். மவுண்ட் செய்த கோப்பகத்தில் நாம் காண்பதோ மூலமே. அங்கு ஒரு கோப்பை நீக்கினால் வழங்கியிலேயே அது நீங்கிவிடும்.

நாள்தோறும் கையால் செய்வதைவிட, இதனை நிரலிடம் ஒப்படைத்தல் எளிது. அதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, மவுண்ட் என்னும் கட்டளையை நிரல் இயக்குதல். இரண்டாவது, கெர்னலின் மவுண்ட் அழைப்பை நேரே பயன்படுத்துதல். இவ்வழைப்புக்கு மூலம், பொருத்துமிடம், கோப்பு முறைமையின் வகை, கொடிகள், விருப்பக் குறிப்புகள் என ஐந்து செய்திகள் தேவை. வழங்கியின் பெயருக்குரிய எண்முகவரியைக் கண்டறிந்து தருவதும் நிரலின் பொறுப்பாகிவிடும். கட்டளையை இயக்கினால் அதன் துணை நிரலே இவ்வேலையைச் செய்துவிடும். ஆகவே பெரும்பாலோர்க்கு முதல் வழியே ஏற்றது. இரண்டிற்கும் பொதுவாக மேலாளர் உரிமை வேண்டும்.

இங்கு ஓர் இடர் மறைந்துள்ளது. வலைப்பின்னல் அறுந்ததால் மவுண்ட் நிறைவேறவில்லை எனக் கொள்வோம். பொருத்துமிடமான வெற்றுக் கோப்பகம் அப்போதும் இருக்கும். விடையைப் பாராத நிரல் படங்களை அதிலேயே எழுதும். பிழை ஏதும் தோன்றாது. படங்கள் வழங்கியைச் சென்றடைந்தன என்று பணியாளர் நம்புவார். மறுநாள் மவுண்ட் நிறைவேறியதும், தொலைக் கோப்பகம் அவற்றை மறைத்துவிடும். அவை உள்ளூர் வட்டில் கிடப்பதைக் காணாமல் அக்கணினியைத் துடைத்துவிட்டால், படங்கள் அழிந்தன.

ஆதலின் நிரல் மூன்றைச் சோதித்தல் வேண்டும். கட்டளையோ அழைப்போ சுழியத்தைத் திருப்பித் தந்ததா? ப்ராக் கோப்பகத்திலுள்ள மவுண்ட்ஸ் என்னும் பட்டியலில் உரிய வழங்கியின் பெயருடன் அவ்விடம் காணப்படுகிறதா? கோப்பை எழுதி மூடும்போது பிழை எழவில்லையே? வலைப்பின்னலில் எழுதும் பிழை சிலபோது மூடும் வேளையில்தான் வெளிப்படும். விருப்பக் குறிப்புகளிலும் கருத்து வேண்டும். 'ஹார்ட்' என்றால் வழங்கி மறுமொழி தரும்வரை நிரல் காத்திருக்கும். 'சாஃப்ட்' என்றால் சில முயற்சிகளுக்குப் பின் பிழை தந்து விலகும். எழுதும் பணிக்கு முன்னதே பாதுகாப்பானது.

ஆசிரியர்கள் இதனை இரண்டு கணினிகளைக் கொண்டு விளக்கலாம். பொருத்தவிருக்கும் கோப்பகத்தில் முதலில் ஒரு சிறு கோப்பை வைக்க. பின் மவுண்ட் செய்க, அக்கோப்பு மறையும். மவுண்டை நீக்குக, அது மீண்டும் தோன்றும். சேமித்த படம் எங்கே சென்றது என்னும் வினாவுக்கு விடையை மாணவர் அப்போது கண்ணாலேயே காண்பர்.