துபாயில் வாடகை வீடு: பணம் கொடுக்கும் முன் 'எஜாரி' பற்றி தெரிஞ்சுக்கோங்க!

துபாயில் வேலை கிடைச்சாச்சு, விசாவும் வந்தாச்சு. அடுத்த தலைவலி, வீடு!

கையில் எவ்வளவு வேணும்?

பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம்தான். வாடகையை மாசாமாசம் கட்டாமல், சில தவணைகளாகப் பிரித்து பின்தேதியிட்ட செக்குகளாகக் கொடுப்பதே அங்கு வழக்கம். கூடவே ஆண்டு வாடகையில் சுமார் 5% டெபாசிட், ஏஜென்ட் கமிஷன் சுமார் 5%. ஃபர்னிச்சரோடு என்றால் டெபாசிட் 10% வரை போகும்.

எஜாரி என்றால் என்ன?

வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்வதுதான் எஜாரி. அரபியில் 'என் வாடகை' என்று அர்த்தம். இது இல்லைன்னா உங்க பேரில் கரண்ட், தண்ணீர் இணைப்பு வாங்குவதும், குடும்பத்துக்கு விசா எடுப்பதும் சிக்கல்தான்.

பெட் ஸ்பேஸ் எடுக்கலாமா?

செலவு குறைவு என்பதால் பலரும் முதலில் இதைத்தான் தேடுறாங்க. ஆனால் உள்வாடகைக்கு ஓனரின் எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். அது இல்லைன்னா, வாடகை ஒழுங்கா கொடுத்திருந்தாலும் உங்களையும் காலி செய்ய வைக்கலாம்.

ஏமாறாமல் இருக்க...

'இப்பவே அட்வான்ஸ் அனுப்புங்க, இல்லன்னா வீடு போயிடும்' என அவசரப்படுத்தினால் உஷார்! வீட்டை நேரில் பார்க்காமல் ஊரிலிருந்தே பணம் அனுப்பாதீங்க. 'துபாய் ரெஸ்ட்' ஆப்பில் ஏஜென்ட்டின் பதிவைச் சரிபாருங்க. வாடகை செக்கை ஓனர் பெயரிலேயே எழுதுங்க.