எண்பது வயசுக்காரர்களிடம் என்ன கேட்கணும்?

முப்பது வயசில் வயல் ஞாபகம் வந்தாலே எனக்கு எரிச்சலா இருக்கும். சேறு, கடன், அப்பாவின் வசவு, இதுதான் முன்னால் நிற்கும். இப்போ அறுபத்தெட்டு. அதே வயலை நினைச்சா ஆள் உயரம் நின்ற மாப்பிள்ளைச் சம்பாவும் களத்துமேட்டு நிலாவும்தான் வருது. கடன் எங்கே போச்சு? முறத்தில் புடைத்ததுபோல் காலம் தள்ளிவிட்டது. ஆனா கடன் ஒண்ணும் பதரில்லையே!

நம் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்கள் வேறு மாதிரி. தாங்கள் பார்க்காத காலத்துக்கு ஏங்குகிறார்கள். "அப்பல்லாம் எல்லார் வீட்டுலயும் குதிர் நெறைய நெல்லாமே பாட்டி?" என்று ஒரு தம்பி கேட்டான். எண்பத்திரண்டு வயசான எங்கள் சின்னம்மா சிரித்துவிட்டார்.

"யாருப்பா சொன்னது? நமக்கு ஒருபோகம். தையிலதான் அறுப்பு. ஐப்பசி, கார்த்திகையில குதிரைத் தட்டுனா சத்தம்தான் வரும்."

இதையும் நாம் பேசத்தான் வேண்டும். பசியை மறைத்து மரபு நெல்லைப் புகழ்ந்தால், நம்மை நம்பி இறங்குகிறவன் ஒரு மழையில் பயிர் சாய்ந்ததும் ஓடிவிடுவான்.

நேற்று என்ன குழம்பு என்று கேட்டால் சின்னம்மாவுக்குத் தெரியாது. விதைக்கோட்டை எப்படிக் கட்டுவது என்று கேட்டால் கை தானாக அசைகிறது: பிரி திரிக்கணும், வைக்கோலைப் பரப்பணும், நெல்லைக் கொட்டி இறுக்கணும், மேலே சாணி மெழுகணும். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் முதுமையில் அதிகமாக நினைவுக்கு வரும் என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஐ.ஆர்.8 குட்டை நெல் வெளியானது 1966இல். அன்றைக்கு இருபது வயசில் நாற்று பிடுங்கியவருக்கு இன்றைக்கு எண்பது. பழைய நெல்லைக் கையால் விளைவித்த நினைவு அவர்களிடம்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது வேடிக்கை பார்த்த பையனின் நினைவு.

அதனால் "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள், பாதி பெருமூச்சில் போய்விடும். எந்தப் பள்ளத்தில் எந்த நெல், எத்தனை நாளில் அறுத்தீங்க, எது சாய்ஞ்சது, விதையை யார் வீட்டில் மாத்தினீங்க என்று கேளுங்கள். வயலுக்கே கூட்டிப்போனால் இன்னும் நல்லது. வரப்பைப் பார்த்ததும் பேச்சு வந்துவிடும்.

எங்கள் ஊரில் ஏழு பேரிடம் கேட்டு எழுதியாச்சு. இன்னும் நாலு பேர் பாக்கி. அதில் ஒருத்தருக்குக் காது சரியாகக் கேட்காது. சத்தமா பேசுற ஆளைக் கூட்டிக்கொண்டு இந்த வாரமே போகணும்.