கணித மாணவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் பயிற்சிக் களம்

பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளைக்காகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது, "இதை வைத்துக் கணிதத்தில் என்ன செய்யலாம்?" என்பதுதான். பாடப்புத்தகக் கணக்குகளுக்குப் போட்டுக் காட்டிய வழி இருக்கும். வழி தெரியாத கணக்கோடு மோதிப் பார்க்கும் வாய்ப்பைத் தருவது ப்ராஜெக்ட் ஆய்லர் என்ற இணைய தளம்.

காலின் ஹ்யூஸ் என்பவர் 2001-ல் தொடங்கிய இத்தளத்துக்கு, 18-ம் நூற்றாண்டின் கணித மேதை லியோனார்ட் ஆய்லரின் பெயர் வைக்கப்பட்டது. 900-க்கும் மேற்பட்ட புதிர்கள் உள்ளன. கட்டணம் இல்லை. பதிவு செய்துகொண்டு விடையை டைப் செய்தால், சரியா தவறா என்று மட்டும் சொல்லும். சரியான வழியைக் கண்டுபிடித்தால், சாதாரண கம்ப்யூட்டரிலேயே ஒரு நிமிடத்துக்குள் விடை வரும் வகையில் புதிர்கள் அமைக்கப்பட்டுள்ளன.

15-வது புதிரைப் பார்ப்போம். 20-க்கு 20 கட்டங்கள் கொண்ட சதுரம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் கோடுகளின் வழியே செல்ல வேண்டும். வலப்புறமும் கீழ்ப்புறமும் மட்டுமே நகரலாம். எத்தனை வழிகள்?

விநாடிக்கு 10 லட்சம் வழிகளாக ஒவ்வொன்றாக எண்ணினாலும், கம்ப்யூட்டருக்கு 38 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சற்று யோசியுங்கள். எந்தச் சந்திப்புக்கும் மேலிருந்து வரலாம் அல்லது இடமிருந்து வரலாம். எனவே அந்த இரண்டு சந்திப்புகளின் வழிகளைக் கூட்டினால் போதும்.

இதற்கு புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எக்ஸெல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் வரிசையில் ஏ1 முதல் யு1 வரையும், முதல் நெடுவரிசையில் ஏ1 முதல் ஏ21 வரையும் 1 என நிரப்பவும். பி2 செல்லில், சமக் குறியிட்டு, ஏ2-ஐயும் பி1-ஐயும் கூட்டும் பார்முலாவை அமைக்கவும். செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து யு வரை இழுக்கவும். பின்னர் அந்த வரிசையை 21 வரை கீழே இழுக்கவும். சி3-ல் 6 வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். 2-க்கு 2 சதுரத்தின் விடை அது. யு21-ல் 137846528820 கிடைக்கும். எண் முழுவதும் தெரியாவிட்டால் செல்லின் வடிவமைப்பை 'நம்பர்' என மாற்றி, நெடுவரிசையை அகலமாக்கவும்.

மாணவரின் வேலை இங்குதான் தொடங்குகிறது. மொத்தம் 40 நகர்வுகளில் வலப்புற நகர்வுகள் 20-ஐத் தேர்ந்தெடுக்கும் சேர்மானமே இந்த எண். திரையில் இருப்பது சாய்ந்து நிற்கும் பாஸ்கல் முக்கோணம். ஏன் என்று நிரூபிப்பதைக் கம்ப்யூட்டர் செய்து தராது.

நிரூபணத்தில் ருசி கண்டவர்களுக்கு வெளியிலும் வாய்ப்புகள் உண்டு. இளநிலை மாணவர்களுக்கான மாதவா கணிதப் போட்டியும், பேராசிரியர் குமரேசன் 1993-ல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சியும் அவற்றில் சில. விண்ணப்பத் தேதிகளை அவற்றின் இணைய தளங்களில் பார்த்துக்கொள்ளவும்.

ஒரு வேண்டுகோள். ஆய்லர் புதிர்களின் விடைகள் இணையத்தில் தேடினால் கிடைக்கும். தேட வேண்டாம். ஒரு புதிரோடு ஒரு வாரம் போராடினாலும், அந்த வாரம் வீணாகாது.