வீட்டுக் கணிப்பொறிக்கு இரண்டாவது சாவி

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)



வீட்டு வாசலுக்கு ஒரே ஒரு சாவி வைத்துக்கொள்ளும் குடும்பம் எதுவும் இல்லை. ஒன்று அம்மாவிடம் இருந்தால் மற்றொன்று ஆச்சியிடம் இருக்கும். பங்குக் கோயிலின் கதவுச் சாவி கோயில்பிள்ளையிடம் ஒன்றும் சுவாமியார் இல்லத்தில் ஒன்றுமாக இருப்பதை யாவரும் அறிவோம். கோயில்பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்டார் என்பதற்காகக் காலைத் திருப்பலி நின்றுபோவதில்லை. ஆனால் இத்தனை முன்யோசனை உள்ள நாம், நம் வீட்டுக் கணிப்பொறியை மட்டும் ஒரே சாவியை நம்பி விட்டுவைக்கிறோம். அதற்கும் இரண்டாவது சாவி உண்டு. அதைச் செய்து வைப்பது கால் மணி நேர வேலை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணக்கு என்றால் என்ன?

1961 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்ற அறிஞரின் குழுவினர், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். பலர் கைவைக்கும் பொருளில் ஒருவருடைய வேலையை மற்றவர் கலைத்துவிடக் கூடாதல்லவா? ஆகையால் அம்முறையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அளிக்கப்பட்டன. 1969 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யுனிக்ஸ் அமைப்பில், எல்லாக் கணக்குகளுக்கும் மேலாக முழு அதிகாரம் உள்ள ஒரு கணக்கு இருந்தது. அதற்கு 'ரூட்' அதாவது 'வேர்' என்று பெயர். இன்று நம் வீட்டு விண்டோஸ் கணிப்பொறியில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று சொல்லப்படும் நிர்வாகிக் கணக்கும் அதே வகையைச் சேர்ந்ததே.

நிர்வாகிக் கணக்கு உள்ளவர் புதிய மென்பொருளை நிறுவலாம், பழையதை நீக்கலாம், பிறருக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கலாம், பிறர் கணக்கை நீக்கவும் செய்யலாம். 'ஸ்டாண்டர்டு' எனப்படும் சாதாரணக் கணக்கு உள்ளவர் எழுதலாம், படிக்கலாம், படம் பார்க்கலாம்; ஆனால் கணிப்பொறியின் அமைப்பில் கைவைக்க முயன்றால், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு என்று அது கேட்டு நிற்கும். வீட்டில் எல்லாரும் புழங்கலாம், ஆனால் பீரோச் சாவி ஒருவரிடம்தான் என்பது போன்ற ஏற்பாடு இது.

சாவி தொலைவது எப்படி?

2011 ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பன்னிரண்டாம் வகுப்புப் பயின்றோருக்கு விலையில்லா மடிக்கணிப்பொறிகளை வழங்கியது. பாபநாசம் முதல் திருவைகுண்டம் வரை தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளுக்கு முதன்முதலாகக் கணிப்பொறி வந்தது அவ்வாறுதான். பின்னர் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கடன்பட்டேனும் ஒன்று வாங்கிய பெற்றோர் பலர்.

இவ்வீடுகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? பெட்டியைப் பிரித்து முதலில் இயக்குகிறவர் யாரோ, அவர் பெயரில்தான் நிர்வாகிக் கணக்கு உண்டாகிறது. அது அண்ணனாக இருக்கலாம், அக்காளாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம். பிறகு அண்ணன் வேலை தேடிச் சென்னைக்கோ துபாய்க்கோ போகிறான். அக்காள் மணமாகிப் புகுந்த வீடு போகிறாள். கடவுச்சொல்லும் அவர்களோடு பயணப்பட்டுவிடுகிறது. உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று, அங்கே பணியில் இருக்கும் அண்ணன் தொலைபேசியை எடுக்கமாட்டான். இன்னும் துயரமானதும் உண்டு. குடும்பத் தலைவர் திடீரென்று இறந்துவிட்டால், நிலத்தின் பட்டா நகலும், காப்பீட்டுத் தாள்களும், அவருடைய புகைப்படங்களும் அப்பெட்டிக்குள்ளேயே அடைபட்டுப் போகின்றன.

மனிதர் மறவாமல் அருகில் இருந்தாலும் சாவி பழுதாவது உண்டு. கணிப்பொறி ஒவ்வொரு கணக்குக்கும் உரிய விவரங்களைத் தனித்தனிக் கோப்புகளில் எழுதி வைக்கிறது. அவ்வாறு எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றுபோனால் அக்கோப்புகள் சிதையக்கூடும். அடுத்த முறை சரியான கடவுச்சொல்லைத் தந்தாலும் உள்ளே நம் பொருள்களைக் காணோம். ஒரு தற்காலிகக் கணக்கு வெறுமையாகத் திறக்கும். அப்போது வேறொரு நிர்வாகிக் கணக்கு இருந்தால் அதன் வழியாக நுழைந்து, நம் கோப்புகளைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளலாம். அது இல்லாவிடில் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

உலகம் கற்ற பாடம்

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பினால், உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்பிழையை நீக்கும் வழி மிகச் சிறியதுதான்: ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் அதற்கு நிர்வாகி அதிகாரம் உள்ள ஒருவர் பல இடங்களில் ஒவ்வொரு கணிப்பொறியாகச் சென்று அமர வேண்டியிருந்தது. வட்டு பூட்டப்பட்ட கணிப்பொறிகளில் 48 இலக்கமுள்ள மீட்புச் சாவி எண்ணும் தேவைப்பட்டது. சில அலுவலகங்களில் அவ்வெண்களைச் சேமித்து வைத்திருந்த கணிப்பொறியே நின்றுபோயிருந்தது! பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இது வீட்டுக் கணிப்பொறிகளைத் தாக்கியதன்று; ஆயினும் பாடம் நமக்கும் உரியதே.

இரண்டாவது கணக்கைத் தொடங்கும் முறை

விண்டோஸ் 11 உள்ள கணிப்பொறியில், இப்போதுள்ள நிர்வாகிக் கணக்கின் வழியாக நுழைந்து பின்வருமாறு செய்ய வேண்டும்.

1. 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து 'அக்கவுண்ட்ஸ்', அதனுள் 'அதர் யூசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் 10 இல் இதுவே 'ஃபேமிலி அண்டு அதர் யூசர்ஸ்' என்றிருக்கும்.

2. 'ஆட் அக்கவுண்ட்' என்பதை அழுத்தினால் மின்னஞ்சல் முகவரி கேட்கும். அவ்வாறு முகவரி இல்லை என்று தெரிவிக்கும் வரியையும், அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயனரைச் சேர்க்கும் வரியையும் தேர்ந்தெடுக்கவும். இணையம் இல்லாத வேளையிலும் திறக்கும் கணக்கே நமக்குத் தேவை.

3. ஒரு பெயரும், புதிய கடவுச்சொல்லும், மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடையும் கொடுக்கவும். ஊரறிந்த விடை வேண்டாம்.

4. புதிய கணக்கின் பெயரை அழுத்தி, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' என்ற இடத்தில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என மாற்றவும்.

5. பழைய கணக்கிலிருந்து வெளியேறி, புதிய கணக்கினுள் ஒருமுறை நுழைந்து பார்க்கவும். போட்டுப் பார்க்காத சாவி சாவியாகாது.

லினக்ஸ் வகையான உபுண்டுவில் 'செட்டிங்ஸ்' பகுதியில் உள்ள 'யூசர்ஸ்' என்ற இடத்திலேயே புதியவரைச் சேர்த்து நிர்வாகியாக்கலாம்.

இது முடிந்தபின் மற்றொன்றும் செய்வது நலம். நாள்தோறும் நாம் பயன்படுத்தும் கணக்குகளை எல்லாம் சாதாரணக் கணக்குகளாக மாற்றிவிட வேண்டும். நிர்வாகிக் கணக்கில் இருந்துகொண்டு இணையத்தில் உலவினால், தீய மென்பொருள் ஒன்று உள்ளே வரும்போது 'சம்மதமா?' என்று மட்டும் கேட்கும். அவசரத்தில் நாமும் ஆம் என்று அழுத்திவிடுவோம். சாதாரணக் கணக்கில் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அந்த ஒரு கணத்தில் நமக்கு விழிப்பு வரும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

இரண்டாவது சாவி திருடனுக்கும் சாவிதான். எனவே அதன் கடவுச்சொல் எளிதில் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். அதைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைக்கலாம். திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்பதும், அதே கணிப்பொறிக்குள் எழுதி வைப்பதும் பேதைமை. வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் அச்சிட்டு அதே உறையில் இடவேண்டும். கிறிஸ்துமஸுக்கும் பாஸ்குவுக்கும் வீட்டைத் துப்புரவாக்கும்போது அக்கணக்கையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடலாம். மற்ற நாள்களில் அதைத் தொடவேண்டியதில்லை.

விண்டோஸில் பிறவியிலேயே மறைந்திருக்கும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கணக்கு ஒன்று உண்டு. 2007 இல் வீடுகளுக்கு வந்த விஸ்டா காலந்தொட்டு அது முடக்கியே வைக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் உலகறிந்ததாகையால் அதை எழுப்பாமல் விடுவதே நன்று.

இரண்டாவது கணக்கு இரண்டாவது நகல் அன்று என்பதையும் மறத்தலாகாது. 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாள்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி பெருக்கெடுத்து நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. நீரில் மூழ்கிய பெட்டியை எந்தச் சாவியும் திறக்காது. முக்கியமான கோப்புகளின் நகலைப் பென்டிரைவிலோ வேறிடத்திலோ தனியே வைக்கவேண்டும். வாசலுக்குச் சாவி, வெள்ளத்துக்கு நகல், இரண்டும் தேவை.

சாவி யார் கையில்?

இதுவே நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. நம் வீடுகளில் நெற்குதிர் முதல் நகைப்பெட்டி வரை சாவிக்கொத்து ஆச்சியின் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் கணிப்பொறி என்று வந்ததும், "அது ஆம்பிளப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறோம். வீட்டில் எப்போதும் இருப்பவர் யார்? வெளியூர் போன அண்ணனா, வீட்டைக் காக்கும் அம்மாவா? இரண்டாவது நிர்வாகிக் கணக்கு அம்மாவின் பெயரிலோ நம் பெயரிலோ இருப்பதே முறை. இது முதற்சாவி வைத்திருப்பவர் மீது கொண்ட அவநம்பிக்கை அன்று. அவர் இல்லாத நாளிலும் வீடு நின்றுவிடாமல் காப்பது, அவர் சுமையில் பாதியை நாம் ஏற்பது. "அண்ணா, ஊருக்குப் போகும் முன் அம்மாவுக்கும் ஒரு கணக்குத் தொடங்கித் தா" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறிய பத்துக் கன்னியரின் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. கலங்களில் எண்ணெயைக் கூடுதலாக எடுத்துச் சென்றவர்கள் ஐவர் மட்டுமே. நள்ளிரவில் கதவு திறந்தபோது உள்ளே சென்றவர்களும் அவர்களே. எண்ணெய் வாங்கப் போனவர்கள் திரும்பி வந்தபோது கதவு அடைபட்டிருந்தது. தோழியரே, கடை திறந்திருக்கும் பகற்பொழுதிலேயே எண்ணெய் வாங்கி வைப்போம். வரும் விடுமுறையில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, நம் வீட்டுக் கணிப்பொறிக்கு இரண்டாவது சாவியைச் செய்து, அதை அம்மாவின் கையில் கொடுப்போமாக!