கேட்டறிந்து மருந்து தருதல்

ஒரு நோயைத் தணிக்கும் மருந்தே மற்றொரு நோயைத் தூண்டிவிடுவதும் உண்டு. ஆஸ்துமாவும் மிகைத் தைராய்டும் ஒருவரிடமே அமையும்போது இவ்வுண்மை புலப்படும்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழல்கள் அழற்சியுற்றுச் சுருங்குகின்றன. மூச்சுத்திணறலும் இழுப்பொலியும் தோன்றுகின்றன. இன்ஹேலர் வழியே உள்ளிழுக்கும் சால்பூட்டமால் அக்குழல்களை விரிக்கிறது.

மிகைத் தைராய்டிலோ, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி ஹார்மோனைச் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், கைகள் நடுங்கும், நன்றாக உண்டாலும் உடல் மெலியும். சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் முழுப்பயன் தரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை படபடப்பைத் தணிக்கப் புரோப்ரனலால் வழங்குவது வழக்கம். இம்மருந்து இதயத் துடிப்பைக் குறைக்கும். அதேவேளை மூச்சுக்குழல்களைச் சுருக்கவும் வல்லது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது உயிருக்கே ஊறாகலாம்.

ஆகவே, "உங்களுக்கு எப்போதேனும் மூச்சிரைப்பு வந்ததுண்டா?" எனக் கேட்டறிந்த பின்னரே செவிலியர் மருந்தைத் தருதல் வேண்டும். 'ஆம்' என்பது விடையாயின், மருந்தைத் தராது நிறுத்தி, மருத்துவருக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். சால்பூட்டமாலும் படபடப்பையும் நடுக்கத்தையும் உண்டாக்கக்கூடும். எனவே அதனைத் தரும் முன்னும் பின்னும் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துவைத்தல் நன்று. ஒரு வினாவும் ஒரு குறிப்பும் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.